சர்வர் டவுன்: ஒரு வரிப் பொய்

நம்ம ஊர்ல சர்வர்னா தோள்ல துண்டும் கையில தண்ணி டம்ளருமா வர்ற மனுஷர். வேலை தேடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பத்துக்கு சர்வர்னா அர்த்தமே வேற. 'கித்னா', 'பஸ்', 'கஹான்' எல்லாம் வாயில வர்றதுக்கு முன்னாடியே நம்மாளுங்களுக்கு மனப்பாடமாகிற இந்தி வாக்கியம் ஒண்ணு இருக்கு: "சர்வர் டவுன் ஹை". அதுக்கு ஒரு தம்பி, "லிங்க் நஹீ ஹை". ரெண்டுக்கும் சேர்த்து ஒரே முடிவுரை, "கல் ஆயியே". நாளைக்கு வாங்க.

சிரிச்சாச்சா? இனி கொஞ்சம் கோபப்படலாம்.

நான் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்கறவன். பி.காம். படிச்ச ஆசாமி, கம்ப்யூட்டர் எஞ்சினியர் இல்லை. இத்தனை வருஷத்துல எத்தனையோ கிளைகள்ல இந்த வாக்கியத்தைக் கேட்டாச்சு. கேட்டதை வச்சுச் சொல்றேன். இதைச் சொல்ற பெரும்பாலான நேரங்கள்ல எந்த சர்வரும் டவுன் ஆகியிருக்காது. "என்ன கோளாறுன்னு நான் இன்னும் பார்க்கலை"ங்கறதைத்தான் இப்படி மரியாதையா சொல்லிக்கிட்டிருக்கோம்.

இதுல யாருக்கு லாபம்னு பாருங்க. கவுண்டர்ல இருக்கறவருக்கு லாபம், எதிர்க்கேள்வி வராது. மேனேஜருக்கு லாபம், கோளாறு தன் கிளையில இல்லைன்னு ஆயிடும். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த கம்பெனிக்கு லாபம், பேர் சொல்லாத கோளாறுக்கு யாரும் அபராதம் போட முடியாது. நஷ்டம் ஒருத்தருக்குத்தான். அரை நாள் கூலியை விட்டுட்டு வரிசையில நிக்கறவருக்கு.

முதல்ல, சர்வர் எங்கே இருக்கு?

வங்கிகளைக் கணினிமயமாக்கறதுக்கு வழி சொன்ன ரங்கராஜன் கமிட்டி 1984-ல் அறிக்கை கொடுத்துச்சு. அதுக்கப்புறம் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்துச்சு, பிறகு கிளை முழுக்கக் கம்ப்யூட்டர் வந்துச்சு. அப்போ கிளைக்குக் கிளை ஒரு சர்வர். கண்ணாடி அறை, மனுஷங்களுக்கு இல்லாத ஏ.சி., செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போகணும். கர்ப்பக்கிரகம் மாதிரி. காலையில ஒருத்தர் போய் அதைக் கிளப்பி 'டே பிகின்' போட்டாத்தான் ஷட்டரைத் திறந்ததுக்கே அர்த்தம். அந்தக் காலத்துல 'சர்வர் டவுன்'னு சொன்னா அதுல நியாயம் இருந்துச்சு. சாமி அங்கேயேதான் இருந்தார், எழுந்திருக்கலை, அவ்வளவுதான்.

2000-களில் கோர் பேங்கிங் வந்தது. கணக்கெல்லாம் மும்பை, ஹைதராபாத் மாதிரி ஏதோ ஒரு பெரிய ஊர்ல இருக்கிற டேட்டா சென்டருக்குப் போயிடுச்சு. அதுக்கு மாற்றா இன்னொரு ஊர்ல ஒண்ணு. இன்னைக்கு ஒரு சாதாரணக் கிளையில என்ன இருக்கு? சில கம்ப்யூட்டர், பிரிண்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், ஒரு யூ.பி.எஸ். சில வங்கிகள்ல கூடுதலா ஒரு சின்ன கிளை சர்வர். அவ்வளவுதான் குடும்பம்.

அதனால அடுத்த தடவை யாராவது 'சர்வர் டவுன்'னு சொன்னா, அதே வங்கியோட பக்கத்து ஏரியா கிளைக்கு ஒரு போன் போடுங்க. அங்கே பாஸ்புக் பிரிண்ட் ஆகிக்கிட்டிருந்தா, கோளாறு உங்க கண்ணுக்கு முன்னாடி, பத்தடி தூரத்துலதான் எங்கேயோ இருக்கு. டேட்டா சென்டர்ல இருக்கிற அப்பாவி சர்வர் மேல பழி போடறாங்க.

திரை கறுத்தா மெஷின் செத்துப்போச்சா?

இந்தப் பொய்க்கு ஆணிவேர் அந்தக் கண்ணாடி அறைக் காலத்துலேயே இருக்கு. திரையில ஒண்ணும் தெரியலைன்னா மெஷின் ஓடலைன்னு முடிவு கட்டற பழக்கம். டி.வி.யில படம் வரலேன்னா தூர்தர்ஷனை மூடிட்டாங்கன்னா சொல்வோம்? மாடி ஏறி ஆண்டெனாவைத் திருப்பிப் பார்த்த தலைமுறைதானே நாம? ஆபீஸுக்கு வந்ததும் அந்த புத்தி எங்கே போகுதுன்னு தெரியலை.

மெஷின் ஓடறது ஒண்ணு, திரையில காட்டறது இன்னொண்ணு. ரெண்டும் தனித்தனி. மானிட்டர் விளக்கு பச்சையோ நீலமோ இல்லாம ஆரஞ்சு நிறத்துல இருந்தா, மானிட்டருக்குக் கரண்ட் வருது, மெஷின்லேர்ந்து படம் வரலைன்னு பொதுவான அர்த்தம். கேபிள் தளர்ந்திருக்கலாம். பழைய வி.ஜி.ஏ. கேபிள்ல பதினஞ்சு ஊசி, அதுல ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு. கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கிற மெஷின்ல மதர்போர்டு துளையில கேபிளைச் சொருகியிருக்கலாம். ஒரே மானிட்டரை நாலு சர்வருக்குப் பொதுவா வச்சிருக்கிற பெட்டியில யாரோ பொத்தானை மாத்தி அமுக்கியிருக்கலாம்.

உயிர் இருக்கான்னு பார்க்கறது ரொம்பச் சுலபம். கீபோர்டுல நம் லாக் அமுக்கினா அந்த விளக்கு எரிஞ்சு அணையுதா? பக்கத்து கம்ப்யூட்டர்லேர்ந்து பிங் பண்ணினா பதில் வருதா? ரெண்டுல ஒண்ணு நடந்தாக்கூட மெஷின் உயிரோட இருக்கு. பவர் பட்டன் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க. ரெண்டும் நடக்கலைன்னாலும் அதுவே மரணச் சான்றிதழ் இல்லை, விஷயம் தெரிஞ்சவரைக் கூப்பிடணும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? கோர் பேங்கிங் வர்றதுக்கு முன்னாடி, நான் வேலை பார்த்த ஊர்ல பக்கத்துக் கிளை ஒண்ணுல நடந்தது. ராத்திரி பெருக்கினப்போ துடைப்பம் பட்டு மானிட்டர் கேபிள் கழண்டிருக்கு. காலையில திரை கறுப்பு. உள்ளே மெஷின் பாட்டுக்கு நல்லா ஓடிக்கிட்டிருக்கு. ஒருத்தர் பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சார். மறுபடி போட்டார், படம் வரலை, மறுபடி அணைச்சார். பிறகு யாரோ கேபிளைப் பார்த்துச் சொருகினப்போ, திரையில வரிசையா பிழைச் செய்திகள். ஃபைல் சிஸ்டம் பாதியில அறுந்து கணக்குக் கோப்பு கெட்டுப்போச்சு. பேக்கப் டேப்லேர்ந்து எடுத்து, விட்டுப்போன வவுச்சரை எல்லாம் மறுபடி தட்டி, பேலன்ஸ் டேலி ஆகறதுக்கு மூணு நாள். ஒரு நிமிஷ வேலை, மூணு நாள் வேலையாச்சு. அந்த மூணு நாளும் வெளியில ஒட்டியிருந்த காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் சொல்லணுமா?

எழுந்திருக்கறதுக்கு ஆறு படி

எந்த மெஷினும் ஒரே தாவுல எழுந்திருக்காது. படிப்படியாத்தான் ஏறும். எந்தப் படியில நிக்குதுன்னு பார்க்கத் தெரிஞ்சா பாதி வைத்தியம் முடிஞ்சுது.

முதல் படி கரண்ட். விளக்கே இல்லைன்னா பிளக், பவர் கார்டு, யூ.பி.எஸ். யூ.பி.எஸ். பேட்டரிக்கு ஆயுசு சுமார் மூணு நாலு வருஷம், வெயில் ஊர்ல இன்னும் கம்மி. இங்கே நாக்பூர்ல மே மாசம் 45 டிகிரி அடிக்கும்போது எர்த் குழி காஞ்சு போகும், எர்த்திங் கெடும், மெஷின் காரணமில்லாம தானா ரீஸ்டார்ட் ஆகும். குழியில தண்ணி ஊத்தணும்கறது எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் தெரியும். ஊத்தறது யார் வேலைன்னுதான் யாருக்கும் தெரியாது.

ரெண்டாவது படி சுயபரிசோதனை. விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது, ஆனா பீப் பீப்னு கத்துது, படம் இல்லை. அனேகமா மெமரி சரியா உட்காரலை. எஞ்சினியர் வந்து கழட்டி, ரப்பரால துடைச்சு மாட்டிட்டுப் போவார். வைத்தியம் பத்து நிமிஷம், காத்திருப்பு ரெண்டு நாள். போன்ல "டிஸ்ப்ளே வரலை"ன்னு சொல்லாம "இத்தனை தடவை பீப் அடிக்குது"ன்னு சொல்லியிருந்தா அவர் வரும்போதே கையில மெமரி கொண்டு வந்திருப்பார்.

மூணாவது படி தேதி. மதர்போர்டுல எட்டணா மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கும். அது தீர்ந்தா மெஷின் எழுந்திருக்கும்போது ஏதோ பழைய வருஷத்துல எழுந்திருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் தேதி பொருந்தாது, லாகின் ஆகாது. நிலைமையைச் சரியா சொன்னா, 'பெட்டிக்கடை பேட்டரி டவுன் ஹை'.

நாலாவது படி டிஸ்க். 'பூட் டிவைஸ் இல்லை'ன்னு வந்தா உடனே அழ வேண்டாம், யாராவது பென் டிரைவைச் சொருகி மறந்திருக்காங்களான்னு பாருங்க. அது இல்லைன்னாதான் டிஸ்க் கவலை.

அஞ்சாவது படி சர்வீஸ்கள். விண்டோஸ் வந்துச்சு, படம் வந்துச்சு, எல்லாம் பளபளன்னு இருக்கு, ஆனா வேலை நடக்காது. டேட்டாபேஸ் கிளம்பறதுக்கு முன்னாடி அப்ளிகேஷனைக் கிளப்பியிருப்பாங்க. அல்லது லாக் ஃபைல் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் ரொம்பியிருக்கும்.

ஆறாவது படி லைன். ரவுட்டர் விளக்கைப் பாருங்க. வெளியே ஜே.சி.பி. தோண்டுதான்னும் பாருங்க :-)

ஆறு படி, ஆறு கோளாறு. சரியாக ஆகற நேரமும் ஒரு நிமிஷத்துலேர்ந்து ரெண்டு நாள் வரைக்கும் விதவிதமா இருக்கு. ஆறுக்கும் நாங்க வச்சிருக்கிற பேர் ஒண்ணே ஒண்ணு.

ஆரஞ்சு விளக்கு

இதையும் சொல்லிடறேன். நாலஞ்சு டிஸ்கைச் சேர்த்து வச்சிருக்கிற சர்வர்ல ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிக்காது. ரெய்டு 5-ங்கற ஏற்பாட்டோட உபயம். போன டிஸ்க் பக்கத்துல ஆரஞ்சு விளக்கு எரியும். அந்த விளக்குக்கு அர்த்தம், "ஒரு கால் போச்சு, அடுத்த கால் போறதுக்குள்ள பாருங்க". ரெண்டாவது டிஸ்க்கும் போனா மொத்தமும் போச்சு.

அந்த விளக்கு மாசக் கணக்கா எரிஞ்சுக்கிட்டே இருக்கிற அறைகளை நான் பார்த்திருக்கேன். கேட்டா "வேலைதான் நடக்குதே சார்"னு பதில். ரெண்டாவது டிஸ்க் போற அன்னைக்கு "திடீர்னு சர்வர் டவுன் ஆயிடுச்சு"ன்னு சொல்வாங்க. திடீர்னு இல்லீங்க. அது பல மாசமா கண் சிமிட்டிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு.

99.9 என்ற மாயக் கணக்கு

மேலிடத்துல கேட்டா "எங்க அப்டைம் 99.9 சதவீதம்"னு சொல்வாங்க. காமர்ஸ் படிச்சவன், கணக்கைப் பார்க்காம விடமாட்டேன். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதுல 0.1 சதவீதம்னா சுமார் 8 மணி 45 நிமிஷம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது எங்கே அளந்தது? டேட்டா சென்டர் வாசல்ல.

வாடிக்கையாளர் நிக்கறது கவுண்டர் வாசல்ல. நடுவுல லைன் இருக்கு, கிளையோட கரண்டும் கம்ப்யூட்டரும் இருக்கு. ஒரு பேச்சுக்கு லைன் 99, கிளைச் சாமான் 99-னு வச்சுக்குவோம். மூணையும் பெருக்கினா 97.9 வருது. 300 வேலை நாள்ல ஆறு நாளுக்கு மேல போச்சு. அறிக்கையில எல்லாருக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ், கவுண்டர்ல நிக்கறவருக்கு ஆறு நாள் லீவு நஷ்டம்.

அந்த ஆறு நாள்ல ஒரு நாள் யாரோ ஒருத்தருக்கு ஊர்ல அம்மா ஆஸ்பத்திரியில இருக்கிற நாளா இருக்கும். நெஃப்ட் 2019 டிசம்பர்லேர்ந்தும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர்லேர்ந்தும் 24 மணி நேரமும் ஓடுது. நெட் பேங்கிங் தெரிஞ்ச நமக்கு அது பெரிய வரம். செக்கும் சலானும் மட்டுமே தெரிஞ்ச ஒரு கட்டட மேஸ்திரிக்கு, கிளையில கேபிள் கழண்டா அந்த 24 மணி நேரமும் பூஜ்யம்தான்.

ஏ.டி.எம்.ல பணம் வராம கணக்குல கழிஞ்சா, 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி அஞ்சு நாளைத் தாண்டின ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு. மெஷின் தப்புக்கு ஒரு விலை வச்சாங்க, வங்கிகளும் ஓடி ஓடி சரி பண்ணினாங்க. கவுண்டர்லேர்ந்து வெறுங்கையோட திரும்பறவருக்கு அந்தச் சுற்றறிக்கையில விலை இல்லை.

"நாங்க என்ன எஞ்சினியரா?"

சக ஊழியர்கள் கேட்கப் போற முதல் கேள்வி. நானும் எஞ்சினியர் இல்லை. வீட்ல கேஸ் அடுப்பு எரியலேன்னா ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்க்கறோம், சிலிண்டரை ஆட்டிப் பார்க்கறோம், அதுக்கப்புறம்தான் ஏஜென்சிக்குப் போன். அதுக்கு பெட்ரோலியம் எஞ்சினியரிங் படிச்சோமா?

ரெண்டாவது கேள்வி, "பாதுகாப்பு விதிப்படி எதையும் தொடக்கூடாதே". ஒத்துக்கறேன். பெட்டியைத் திறக்காதீங்க, ஒண்ணையும் மாத்தாதீங்க. ஆனா பார்க்கக்கூடாதுன்னு எந்த விதியும் இல்லை. எந்த விளக்கு எரியுது, என்ன சத்தம் வருது, திரையில கடைசியா என்ன எழுதியிருக்கு. இந்த மூணையும் போன்ல சரியா சொன்னா எதிர்ல இருக்கிற எஞ்சினியர் உங்களைக் கும்பிடுவார்.

மூணாவது, "வாடிக்கையாளருக்கு இதெல்லாம் புரியாது". இதுக்குத்தான் எனக்கு அதிகமா கோபம் வருது. அவருக்கு ரெய்டு 5 புரிய வேண்டாம். காத்திருக்கலாமா, வீட்டுக்குப் போகலாமா, வேற கிளைக்குப் போகலாமா? இதை முடிவு பண்ண ஒரு உண்மை வேணும். அது அவர் உரிமை.

பேர் சொன்னா என்ன நடக்கும்?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி அனுப்பின ஒரு தப்பான அப்டேட். உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரை காட்டி நின்னுச்சு. போட்டா மறுபடி நீலத்திரை. நம்ம ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. வங்கித் துறையில 10 வங்கிகள், நிதி நிறுவனங்களுக்கு மட்டும் சிறு பாதிப்புன்னு ரிசர்வ் வங்கி சொல்லுச்சு.

தப்பு பண்ணினது அந்தக் கம்பெனிதான், அதுல சந்தேகமில்லை. ஆனா 78 நிமிஷத்துல அந்த ஃபைலை வாபஸ் வாங்கினாங்க. எந்த ஃபைல், எந்த ஃபோல்டர், சேஃப் மோடுல போய் எதை அழிக்கணும்னு பேர் சொல்லி வெளியிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு மெஷினா மனுஷங்க கையால சரி பண்ணினாங்க. பிட்லாக்கர் போட்ட மெஷினுக்கு 48 இலக்க மீட்புச் சாவி வேணும். அதை ஒழுங்கா எழுதி வச்சிருந்த இடத்துல வேலை சீக்கிரம் முடிஞ்சுது. கோளாறுக்குப் பேர் வச்சதாலதான் வைத்தியமே சாத்தியமாச்சு. "சர்வர் டவுன்"னு மட்டும் சொல்லியிருந்தா உலகமே 'கல் ஆயியே'தான்.

மேல இருக்கறவங்களும் பொறுப்பு எடுக்க வைக்க முடியும். 2020 நவம்பர்ல ஹெச்.டி.எஃப்.சி. வங்கியோட முதன்மை டேட்டா சென்டர்ல கரண்ட் கோளாறு ஆகி சேவை நின்னுச்சு. டிசம்பர்ல ரிசர்வ் வங்கி புது டிஜிட்டல் திட்டங்களையும் புது கிரெடிட் கார்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லுச்சு. முழுத் தடையும் நீங்கினது 2022 மார்ச்சுல. அவ்வளவு பெரிய வங்கிக்கே கரண்டுதான் காரணம்னு வெளியே சொல்ல முடிஞ்சுது. நம்ம கிளைக்கு மட்டும் என்ன வெட்கம்?

என்ன வேணும்?

வங்கிகளுக்கு: ஒண்ணு, எல்லாக் கிளையிலயும் ஒரு கரும்பலகை. எது கெட்டுச்சு, எத்தனை மணிக்கு, கம்ப்ளெயிண்ட் நம்பர் என்ன, அதுவரைக்கும் எந்த வேலை நடக்கும். சாக்பீஸ் செலவுதான். ரெண்டு, மேலே சொன்ன ஆறு படியை ஒரே பக்கத்துல, அந்த ஊர் மொழியில, யூ.பி.எஸ். பக்கத்துல ஒட்டுங்க. பக்கத்துல ஒரு டார்ச், ஒரு உபரி கேபிள். மூணு, ஒப்பந்தக் கம்பெனிக்குக் காசு கொடுக்கறது 'வந்து பார்த்தேன்'ங்கறதுக்கு இல்லாம 'சரியாச்சு'ங்கறதுக்கு இருக்கணும். கவுண்டர் வேலை திரும்பாம டாக்கெட்டை மூடினா அபராதம்.

நம்ம குடும்பங்களுக்கு: அடுத்த தடவை அந்த வாக்கியம் காதுல விழுந்தா திரும்பி நடக்காதீங்க. இந்தியில மூணே கேள்வி. "க்யா கராப் ஹுவா?" எது கெட்டுச்சு? "கப் ஸே?" எப்பத்திலேர்ந்து? "கம்ப்ளெயிண்ட் நம்பர் க்யா ஹை?" சத்தம் போட வேண்டாம், சிரிச்சுக்கிட்டே கேளுங்க. கடைசித் தேதி இருக்கிற வேலைன்னா, வந்ததுக்கு அடையாளமா சலான் நகல்ல தேதியும் சீலும் வாங்கிக்கோங்க. அப்பாவோட பென்ஷனுக்கு நவம்பர்ல வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் போனவங்க இதை முக்கியமா செய்யணும். எழுத்துல புகார் கொடுத்து 30 நாள்ல பதில் வரலேன்னா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் இருக்கார்.

நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆள் வர்றதுக்குள்ள உள்ளே ஒருத்தர் எழுந்து போய் அந்தக் கேபிளைப் பார்ப்பார். உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் சொல்றேன், நம்புங்க.

டிஸ்கி 1: நிஜமாவே டேட்டா சென்டர் விழற நாளும் உண்டு. அன்னைக்கு அதையே சொல்லலாம், தப்பில்லை. பலகையில நேரத்தோட எழுதணும், அவ்வளவுதான்.

டிஸ்கி 2: மின்விசிறி காத்துல ஆடற 'சர்வர் டவுன்' அட்டையை லேமினேட் பண்ணி நிரந்தரமா மாட்டியிருக்கிற கிளைகளுக்கு என் தனி வணக்கம்.